சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே

மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. மேற்கே முப்பது கிலோமீட்டர் போய்ச் செங்கல்பட்டு ஜங்ஷனில்தான் ஏற வேண்டும். ஆனாலும் பொம்மை ரயிலைப் பற்றிய இந்தக் கணக்கை மாமல்லபுரத்துப் பாறைச் சரிவில் தொடங்குவதுதான் வசதி. அங்கே நழுவி விழுவதுபோல் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறை ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம்; எடை 250 டன் இருக்கும் என்கிறார்கள். 1908இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை விட்டு இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்றொரு கதையும் உண்டு.

அந்தப் பாறையை அச்சு மாறாமல் 87 மடங்கு சிறிதாக்குவோம். உயரம் ஏழு சென்டிமீட்டர் ஆகிவிடும். எடை? 250 டன்னை 87ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று டன் வரும். அது தப்புக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைவதால் 87ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். அதாவது 6,58,503ஆல். விடை வெறும் 380 கிராம். யானையைக் கூப்பிட வேண்டாம், சுண்டுவிரல் போதும்.

87 என்ற எண்ணை நான் இஷ்டத்துக்கு எடுக்கவில்லை. உலகத்தில் அதிகம் பேர் சேகரிக்கும் மாடல் ரயில்களின் அளவு அதுதான்: எச்ஓ ஸ்கேல், 87இல் ஒன்று. செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 எஞ்சின் 123 டன். அதற்குப் பன்னிரண்டு சக்கரங்கள். ஒவ்வொன்றும் தண்டவாளத்தைப் பத்து டன் எடையோடு அழுத்துகிறது. அதையே 87இல் ஒன்றாக்கினால் முழு எஞ்சினும் 187 கிராம், சக்கரத்துக்குப் பதினைந்து பதினாறு கிராம். மாடல் செய்கிறவர்கள் உள்ளே ஈயக்கட்டி வைத்து இதை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்குவார்கள். அதற்கு மேல் இடமில்லை.

இந்தச் சின்னச் சக்கரத்தின் வழியாகத்தான் மோட்டாருக்கு மின்சாரம் வர வேண்டும். மாடல் ரயிலில் ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ். இந்தப் பக்கச் சக்கரம் எடுத்துக்கொள்ள, அந்தப் பக்கச் சக்கரம் திருப்பித் தரும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் மாடல் ரயில் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதல் புகார் இதுவாகத்தான் இருக்கும்: எஞ்சின் திக்கித் திக்கிப் போகிறது, மெதுவாக விட்டால் நின்றே விடுகிறது, விரலால் தட்டினால் மறுபடி ஓடுகிறது.

எஞ்சினைச் சிறிதாக்கலாம், அழுக்கைச் சிறிதாக்க முடியாது. சிக்கலே அங்கேதான். உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு ஏடு நிஜத் தண்டவாளத்தில் எப்படி உருவாகிறதோ, அப்படித்தான் மாடலிலும் உருவாகும். உப்புக்காற்று வீசும் நம் கடற்கரையில் இன்னும் சீக்கிரம். மாமல்லபுரத்துக் கடற்கரையிலிருந்து செருப்பில் ஒட்டி வந்த கால் மில்லிமீட்டர் மணல் ஒன்று மாடல் தண்டவாளத்தில் விழுந்தால், அந்த உலகத்து அளவில் அது இரண்டு சென்டிமீட்டர் ஜல்லி. நிஜ எஞ்சின் பத்து டன்னால் அதை மாவாக அரைத்துவிட்டுப் போகும். மாடல் எஞ்சின் அதன் மேல் ஏறி, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

மணலே இல்லாவிட்டாலும் நிலைமை சங்கடமானதுதான். எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்த உலோகமும் நுண்ணளவில் மேடு பள்ளம்தான். இரண்டு உலோகங்கள் தொடும்போது மேடுகளின் முனைகள் மட்டுமே ஒன்றையொன்று நசுக்கிக்கொள்கின்றன. அப்படி நசுங்கும் பரப்பு, அழுத்தும் எடையையும் உலோகத்தின் கடினத்தையும் பொறுத்தது. பதினைந்து கிராமுக்கு அது சதுர மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். தலைமுடியின் குறுக்குவெட்டைவிடப் பல மடங்கு சிறிய அந்த இடத்தில் ஓர் ஏடு கறை குறுக்கே வந்தால் வழி அடைந்தது.

நிஜ ரயிலுக்கு எடையைத் தவிர இன்னொரு துணையும் உண்டு: வோல்ட்டேஜ். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்சார ரயில் விட்டபோது மேலே கம்பியில் இருந்தது 1,500 வோல்ட். 1960களில் அது 25,000 ஆனது. அதே சக்திக்கு இப்போது பதினேழில் ஒரு பங்கு கரண்ட் போதும். 25,000 வோல்ட்டுக்கு முன்னால் ஆக்சைடு ஏடெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்தக் கம்பி நேராகப் போகாமல், ஒரு கம்பத்தில் இடப்பக்கம், அடுத்த கம்பத்தில் வலப்பக்கம் என்று இருபது சென்டிமீட்டர் வரை விலகி விலகிப் போவது தெரியும். ஒரே இடத்தில் உரசினால் எஞ்சின் மேலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பேண்டோவின் பட்டையில் குழி விழுந்துவிடும் என்பதற்காக வேண்டுமென்றே செய்த வளைசல் அது.

மாடலுக்கு முழு வேகத்திலேயே 12 வோல்ட்தான். பழைய முறைக் கண்ட்ரோலரில் மெதுவாக ஓட்டுவது என்றால் மூன்று நான்கு வோல்ட். அதனால்தான் வேகமாகப் போகும்போது தெரியாத கோளாறு மெதுவாகப் போகும்போது தெரிகிறது. தொடர்பு விட்டு விட்டு வரும்போது நுண்ணிய தீப்பொறிகள் தெறித்து, அந்தச் சூட்டில் புதுக் கறுப்புக் கறை உருவாகிறது. கறையால் பொறி, பொறியால் கறை.

தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லாதது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். எல்லா அச்சுகளையும் விறைப்பாகப் பொருத்திய எஞ்சினில், தண்டவாளம் முடி அளவு கோணினாலும் ஏதோ ஒரு சக்கரம் அந்தரத்தில்தான். ஒரு பக்கத்து அச்சுகளை நடுவில் ஒரே முளையில் அசையவிட்டு, முக்காலிபோல் மூன்று இடத்தில் எடையைத் தாங்க வைத்தால் எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தில் இருக்கும். அதன்பிறகு எத்தனை சக்கரத்திலிருந்து முடியுமோ அத்தனையிலும் பாஸ்பர் வெண்கலத் தகட்டு வில்லை உரச வைத்து கரண்ட் எடுப்பது. தண்டவாளம் பிரியும் பாயிண்டின் பிளாஸ்டிக் முனையில் சில மில்லிமீட்டருக்குக் கரண்ட் இருக்காது. உலோக முனை போட்டுத் தனி ஒயர் கொடுக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மட்டும் வேண்டாம். கீறல்களில் அழுக்கு குடியேறிவிடும்.

தொடர்பு அறுவதை ஒரேயடியாக ஒழிக்க முடியாது. நிஜ ரயிலிலும் முடியாது. கம்பியில் ஒரு துணைநிலையத்தின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கரண்ட்டே இல்லாத துண்டு ஒன்று உண்டு. நியூட்ரல் செக்‌ஷன் என்பார்கள். டிரைவர் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்துவிட்டு, ஓடிவந்த வேகத்திலேயே அதைக் கடக்கிறார். மாடலுக்கு அந்த எடை இல்லாததால் மோட்டாரில் சின்ன பித்தளைச் சக்கரம் ஒன்றைச் சுழலவிடுகிறார்கள். இல்லாவிட்டால் ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து ஓரிரு விநாடிக்கு மின்சாரத்தைக் கையிருப்பில் வைக்கிறார்கள்.

ஆக்சைடு ஏட்டையே உடைக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. 1890இல் பாரிஸில் எட்வார் பிரான்லி, கண்ணாடிக் குழாயில் அடைத்த இரும்புத் தூளுக்குக் கரண்ட் போகாததையும், பக்கத்தில் ஒரு மின்பொறி வெடித்தால் திடீரென்று போகத் தொடங்குவதையும் கண்டார். துகள்களின் மேலிருந்த ஆக்சைடு ஏடு மின் அதிர்வில் உடைந்து வழிவிட்டது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இரும்பையும் பாதரசத்தையும் வைத்து இதில் ஒரு நுட்பமான வகையை 1899இல் எழுதி வெளியிட்டார். ஆரம்பகால வானொலிக்குக் காதாக இருந்தவை இந்தக் கருவிகள்தாம். மாடல் ரயில் கடைகளில் விற்கும் ஒரு சின்னப் பெட்டி இதே வேலையைச் செய்கிறது: தொடர்பு அறுந்ததும் அதிக அதிர்வெண்ணில் அதிக வோல்ட்டேஜை அனுப்பி ஏட்டைத் துளைக்கும்.

இது பொம்மைக்காரர்களின் கவலை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நிஜத் தண்டவாளத்திலும் சின்ன வோல்ட்டேஜ் ஓடுகிறது. டிராக் சர்க்யூட் என்ற அமைப்பில், தண்டவாளத்தின் ஒரு துண்டில் சில வோல்ட் கொடுத்து, மறுமுனையில் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சை இயக்குவார்கள். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ரயில் அதிகம் போகாத, துருவேறிய தடத்தில் இந்த இணைப்பு சரியாக அமையாமல் போகலாம். அப்போது ரயில் நிற்கும் தடத்தைக் காலி என்று சிக்னல் நினைத்துக்கொள்ளும். பொம்மை எஞ்சின் நின்றால் எரிச்சல், இங்கே உயிருக்கே ஆபத்து. பிரிட்டனில் எடை குறைந்த டீசல் ரயில்கள் வந்தபோது இது பெரிய தலைவலியானது. பழைய இரும்புக் கட்டை பிரேக்குகள் சக்கரத்தைத் தேய்த்துச் சுத்தமாக வைத்திருந்தன. புதிய டிஸ்க் பிரேக் அதைச் செய்யவில்லை. தண்டவாளத்தில் உதிர்ந்த இலைகள் நசுங்கிப் படிந்தது வேறு. கடைசியில் ரயிலின் அடியில் ஒரு கருவியை மாட்டி, சக்கரத்தின் வழியே அதிக அதிர்வெண் மின்சாரத்தைச் செலுத்தி ஏட்டை உடைத்தார்கள். மாடல் கடைப் பெட்டியின் அண்ணன் என்றே சொல்லலாம்.

தொடுவதையே நம்பாத வழிகளும் வந்துவிட்டன. ஆக்சில் கவுண்டர், கடந்துபோகும் சக்கரங்களைக் காந்தப்புலத்தாலேயே எண்ணிவிடும். துரு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மாடல் உலகத்திலும் சிலர், முக்கியமாகத் தோட்டத்தில் பெரிய மாடல் ஓட்டுகிறவர்கள், எஞ்சினுக்குள் லித்தியம் பேட்டரியை வைத்து ரேடியோவால் ஓட்டுகிறார்கள். தண்டவாளத்துக்கு அங்கே வழிகாட்டும் வேலை மட்டும்தான். கடற்கரைப் பக்கம் மொட்டைமாடியில் ரயில் விட ஆசைப்படுகிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். வீட்டுக்குள் மேஜை மேல் ஓட்டுகிறவருக்கு முக்காலியும் வில்லும் கெப்பாசிட்டரும் போதும்.