தானியங்கிக் காரில் கிளட்ச் கோளாறு

“ஆட்டோமேட்டிக் காரில் கிளட்சே கிடையாது, ஆகவே அது தேயுமே என்ற கவலையும் இல்லை” என்று நம் சங்க அன்பர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு பழைய கார் ஒன்றை வாங்கியபோது நானும் அவ்வாறே நம்பினேன். இடது காலுக்கு மிதி இல்லையே தவிர, கிளட்ச் இருக்கத்தான் செய்கிறது.

மழைக்காலத்தில் ஒருநாள் குடும்பத்தோடு பம்பாயிலிருந்து புனா சென்றோம். கண்டாலா மலைப்பாதையில் வண்டிகள் நெடுந்தூரம் தேங்கி, அங்குலம் அங்குலமாக ஊர்ந்தன. (அம்மலையில் ரயில் பாதையின் ஏற்றம் 37 அடிக்கு 1 அடி, பாரமான ரயில்களுக்குப் பின்னாலும் எஞ்சின் சேர்த்துத் தள்ளவேண்டும்.) நான் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியே கார் பின்னால் உருளாதபடி பார்த்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் கருகல் நாற்றம் வீசியது. எஞ்சின் இரைந்தது, கார் நகரவில்லை. குழந்தைகள் அழத் தொடங்கின. ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பிறகே மெல்ல ஊர்ந்து வந்து சேர்ந்தோம்.

பட்டறைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல், “கியர்ப் பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும்” என்றார். என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகை! யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். அந்த யோசனையில் நான் கற்றுக்கொண்டதே இக்கட்டுரை.

2014-இல் மாருதி செலெரியோ வந்ததிலிருந்து நம் நாட்டில் பெருகிய ‘ஏ.எம்.டி.’ கார்களில் இருப்பது சாதாரணக் கியர்ப் பெட்டியும் உலர்ந்த கிளட்ச் தகடும்தான். காலால் செய்யும் வேலையைக் கணினியின் ஆணைப்படி ஒரு விசைக்கருவி செய்கிறது. ஆகவே, கெட்டது தகடா, கருவியா என்பதே முதற் கேள்வி.

தகடு வழுக்குகிறதா என்று அறிய, சமதளமான, ஆளற்ற சாலையில் கையால் கியர் மாற்றும் நிலைக்கு வந்து, நான்காவது கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரை உறுதியாக அழுத்துங்கள். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் துள்ளி ஏற, வேகம் மட்டும் ஏறாவிட்டால் தகடு வழுக்குகிறது. ஆனால் கியர் எண் 4 ஆகவே நிற்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அது 3 ஆகிவிட்டால் கணினி கியரை இறக்கிவிட்டது என்று பொருள். கிளட்சின்மேல் பழி போடுவது நியாயமாகாது.

கருவியின் கோளாறு வேறு விதமாக வெளிப்படும். கியர் எண் மினுங்கும். கார் தானே நியூட்ரலுக்குப் போய்விடும். கியர் விழும்போது உரசும் ஓசை எழும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவியானால் அதன் எண்ணெய்க் கலத்தைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளை வாசிக்கச் சொல்லாமல் எந்த உறுப்பையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

டார்க் கன்வர்ட்டர் உள்ள கார்களின் கதை வேறு. அவற்றின் கியர்ப் பெட்டிக்குள் பல கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் ஏதோ ஒரு கிளட்ச் எரிந்திருக்கிறது. எது? பல ரயில்கள் தாமதமானால், அவையனைத்தும் கடந்த பொதுவான பாதைப் பகுதியை நாங்கள் தேடுவோம். இங்கும் அதே முறைதான். அமெரிக்காவில் 1964-இல் வந்த மூன்று கியர் ‘டர்போ ஹைட்ராமேட்டிக் 400’ பெட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது கியரும் ரிவர்சும் வழுக்கி, முதலிரண்டும் சரியாக இருந்தால், அவ்விரண்டுக்கும் பொதுவான ‘டைரக்ட்’ கிளட்சின்மேல்தான் ஐயம் விழும். ரிவர்ஸ் சரியாக இருந்து, முன்செல்லும் கியர்கள் யாவும் வழுக்கினால் ‘ஃபார்வர்டு’ கிளட்ச். இக்காலப் பெட்டிகளில் கியர்கள் அதிகம்; எனினும் எந்தக் கியருக்கு எந்தக் கிளட்ச் என்ற அட்டவணை பழுதுபார்க்கும் கையேட்டில் உண்டு.

என் காரில் முள் துள்ளியது, எண் மாறவில்லை, எண்ணெயும் குறையவில்லை. வேறொரு பட்டறையில் பிரித்தபோது தகடு கருகித் தேய்ந்திருந்தது. கியர்ப் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. தகடும் அதைச் சார்ந்த உறுப்புகளும் மாற்றினோம். பிறகும் புறப்படும்போது கார் நடுங்கியது. புதிய தகடு எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கணினிக்குக் கருவி கொண்டு கற்பிக்க மறந்துவிட்டார்களாம்! மறுநாள் அதைச் செய்து கொடுத்தார்கள், நடுக்கம் நின்றது. இப்போது மலைப்பாதையில் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேனா என்று என் மனைவிதான் கண்காணித்து வருகிறாள்.