நாமக்கல்லில் ஒரு நாள்!

குழந்தைகளே! மாமல்லபுரம், தஞ்சாவூர், மைசூர் மாதிரியான ஊர்களுக்குச் சுற்றுலா போனால், வண்டியை விட்டு இறங்கியதுமே ஒரு வழிகாட்டி வந்து நிற்பார். "இப்படி வாங்க, இதைப் பாருங்க" என்று ஒரே நாளில் ஊர் முழுவதையும் சுற்றிக் காட்டிவிடுவார். நம் பக்கத்திலேயே இருக்கும் நாமக்கல்லை அப்படி ஒரு நாள் ஒதுக்கிச் சுற்றிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறோம்! இன்று ஓட வேண்டாம். நான்தான் உங்கள் வழிகாட்டி. வாருங்கள்!

புறப்படும் முன் ஒரு நிபந்தனை. ஆளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வேண்டும். நோட்டின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் 'கல் சொல்வது' என்று எழுதுங்கள். வலது பக்கம் 'ஊர் சொல்வது'. நான் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் எந்தப் பக்கம் போகும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதற்கு இந்த வேலை என்கிறீர்களா? தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போன உங்கள் அண்ணன், அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்கள். "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்பார்கள். வழிகாட்டி சொல்லியிருப்பார், பரீட்சையில் கூட எழுதியிருப்பார்கள். ஆனால் நிழல் நன்றாகவே விழுகிறது! மாலை வேளையில் கோயில் முற்றத்தில் நின்றால் யாரும் பார்க்கலாம். 1010-ல் கட்டி முடித்த அத்தனை பெரிய கோயிலுக்கு உண்மையான பெருமைகளே ஏராளம். இல்லாத பெருமை எதற்கு?

சரி, கிளம்பலாம். சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். பஸ்ஸில் போகலாம். 2013 முதல் சேலம் - கரூர் ரயில் பாதையும் இருக்கிறது. ரயில் இராசிபுரம் வழியாகப் போகும். இராசிபுரம் என்றதும் உங்கள் பாட்டிக்கு நெய் ஞாபகம் வரும். எனக்கு ஆர்.கே.நாராயண் ஞாபகம் வருகிறார். மால்குடி என்ற கற்பனை ஊரைப் படைத்து, உலகம் முழுவதும் படிக்கும்படி ஆங்கிலத்தில் கதை எழுதினாரே, அவர்தான். அவர் பெயரில் முதலில் நிற்கும் 'ஆர்', இந்த இராசிபுரம்தான்!

இருபது மாடி உயரக் கல்

நாமக்கல்லில் இறங்கியதும் வழி கேட்கவே வேண்டாம். ஊர் நடுவில் உட்கார்ந்திருக்கிறது அந்தப் பாறை. சுமார் 65 மீட்டர் உயரம். இருபது மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைத்தொடரின் துண்டு அல்ல; தனியாக நிற்கும் ஒரே கல்!

முதலில் கோட்டைக்குத்தான் ஏற வேண்டும். காரணம் உண்டு. பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். கோயில்களின் நடை மதியம் சாத்திவிடுவார்கள். ஆகவே காலை ஏழு மணிக்குக் கோட்டை, பிறகு கோயில்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் மற்றவை. நல்ல வழிகாட்டிக்குக் கதை தெரிந்தால் மட்டும் போதாது. வெயிலும் தெரிய வேண்டும்!

தென்மேற்குப் பக்கம் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். குறுகலான படிகள். ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள். மேலே போனால் ஒன்றரை ஏக்கர் பரப்பில் கோட்டை. சுற்றிலும் மதில். உள்ளே ஒரு பழைய பெருமாள் கோயிலும், ஒரு தர்காவும் இருக்கின்றன. வடகிழக்கே நீலமாகத் தெரிவது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை.

இப்போது நோட்டை எடுங்கள். இந்தக் கோட்டையைக் கட்டியவர் யார்?

"திப்பு சுல்தான்!" என்று பலரும் சொல்வார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 1768-ல் கர்னல் உட் என்பவரின் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை நாமக்கல் கோட்டையைப் பிடித்தது. சில மாதங்களிலேயே ஹைதர் அலி அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். ஹைதர் அலி திப்புவின் தந்தை. 1768-ல் திப்புவுக்கு இருபது வயது கூட ஆகவில்லை. அவர் மைசூர் ஆட்சிக்கு வந்ததே 1782-ல்தான். ஆக, திப்பு ஆட்சிக்கு வருவதற்கு 14 வருடங்களுக்கு முன்பே இரண்டு படைகள் சண்டை போட்டுக்கொள்ளும்படி கோட்டை இங்கே நின்றிருக்கிறது! பிறகு திப்புவும் இதைப் பயன்படுத்தினார், அது வேறு. கட்டியவர் அவரல்ல.

அப்படியானால் யார்? சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு கட்சி. மைசூர் அரசின் அதிகாரி லட்சுமிநரசய்யா என்று இன்னொரு கட்சி. இரண்டுமே நோட்டின் வலது பக்கம்தான் போகும். 'திப்பு கட்டியது' என்பதை மட்டும் எந்தப் பக்கமும் எழுத வேண்டாம். ஒரு கழித்தல் கணக்கில் அது கழிந்து போய்விட்டது.

ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவரின் வம்சம்

கீழே இறங்குவோம். பாறையின் மேற்குப் பக்கம் நரசிம்ம சுவாமி கோயில். கிழக்குப் பக்கம் படியேறினால் ரங்கநாதர் கோயில். இரண்டும் குடைவரைக் கோயில்கள். கல்லைக் கல் மேல் அடுக்கிக் கட்டியவை அல்ல. பாறையைக் குடைந்து குடைந்து, உள்ளேயே தூணையும் சுவரையும் சாமியையும் செதுக்கி எடுத்தவை. வெளியே தெரியும் மண்டபங்கள் பிற்காலத்தில் சேர்த்தவை.

களிமண் பொம்மை செய்யும்போது மூக்கு உடைந்தால் என்ன செய்வீர்கள்? இன்னொரு உருண்டை ஒட்டுவீர்கள். இங்கே அது நடக்காது. உளி ஒரு விரற்கடை அதிகமாகப் போய்விட்டால் அவ்வளவுதான். பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் அமைத்ததாக விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் பெருமையோடு கல்வெட்டு வைத்தார். அது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அந்தக் கலை நம் பக்கம் வந்து சேர்ந்தபோது பிறந்தவை இந்தக் கோயில்கள்.

நரசிம்மர் குடைவரையில் அவசரப்படாமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். சுவரில் பூமாதேவியைத் தாங்கும் வராகர். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர். இன்னொரு பக்கம், மூன்றடி மண் கேட்டு வந்த வாமனர் வானம் வரை காலைத் தூக்கி நிற்கிறார். எந்தக் கால்? வலதா, இடதா? நான் சொல்லமாட்டேன். பார்த்து நோட்டில் எழுதுங்கள்!

ரங்கநாதர் கோயிலில் பெருமாள் பாம்பின் மேல் படுத்திருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் ஆதிசேஷன், இங்கே கார்க்கோடகன் என்று சொல்வார்கள். அங்கேதான் நம் நோட்டுக்கு முக்கியமான செய்தி இருக்கிறது. பாறையில் கிரந்த எழுத்தில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். அதியர் வம்சத்தில் வந்த குணசீலன் என்ற அரசர் இந்தக் கோயிலை அமைத்தார் என்கிறது அது. கோயிலின் பெயர் 'அதியேந்திர விஷ்ணு கிருகம்'.

அதியர் என்றால் யார்? தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்டார்களே, அவர்கள். ஒளவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லிக்கொண்டு, பல நூற்றாண்டுகள் கழித்து ஓர் அரசர் நாமக்கல் பாறையைக் குடைந்திருக்கிறார்!

"கல்வெட்டில் வருடம் போட்டிருக்கிறதா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும். கடைசி பெஞ்சிலிருந்துதான் எப்போதும் நல்ல கேள்வி வருகிறது! தாத்தா காலத்துக் கடிதத்தையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் வடிவமே மாறியிருக்கும். அதே மாதிரி எழுத்தின் வடிவத்தையும் சிற்பத்தின் பாணியையும் வைத்து அறிஞர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு என்பது அவர்கள் கணிப்பு. ஏறத்தாழ 1,250 வருடம்! இடது பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கோட்டைச் சுவரில் நீங்கள் பார்த்த இன்னொரு வகை எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆணியால் கீறிய பெயர்கள், அம்பு விட்ட இதயங்கள்! கோட்டையும் குடைவரைகளும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 2010-ல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதை விடுங்கள். குணசீலன் என்ற பெயரை இத்தனை நூற்றாண்டு கழித்து நாம் படிக்கிறோம் என்றால், நடுவில் வந்த யாரும் அதன் மேல் தங்கள் பெயரைக் கீறவில்லை என்பதால்தான்!

கோட்டின் மேலேயே எழுதுங்கள்

நரசிம்மர் கோயிலுக்கு எதிரே ஆஞ்சநேயர். 18 அடி உயரம். கைகூப்பி நிற்கிறார். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர் மேல்தான். அனுமன் கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமக் கல்லைக் கொண்டு வந்தார். கமலாலயக் குளத்தில் தண்ணீர் குடிக்க அதைக் கீழே வைத்தார். அதுவே மலையாக வளர்ந்துவிட்டது என்பது தல புராணம். வலது பக்கம் எழுதுங்கள். வலது பக்கம் மட்டமான பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்! ஊர் மக்கள் எதை நம்பி, எதைக் கொண்டாடி வாழ்ந்தார்கள் என்பதைக் கல் சொல்லாது, கதைதான் சொல்லும். வடைமாலை சாத்தும் நாளில் போனால் 1,008 வடைகளைக் கழுத்தில் பார்க்கலாம். வாசனை வாசல் வரை வரும்!

நரசிம்மர் கோயிலில் தனிச் சந்நிதியில் இருப்பவர் நாமகிரித் தாயார். கணித மேதை இராமானுஜனின் குலதெய்வம். 1887-ல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், இங்கிலாந்து போவதற்கு முன்பு 1913 டிசம்பரில் நாமக்கல் வந்து, கோயிலில் மூன்று இரவுகள் படுத்திருந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கணக்குகள் தாயாரின் அருளால் கனவில் வந்தன என்று அவரே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

இதை எந்தப் பக்கம் எழுதுவது? கனவை நாம் பார்க்க முடியாது. ஆனால் அவர் எழுதிய நோட்டுகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள சூத்திரங்களைப் பின்னால் வந்த கணித அறிஞர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். எனவே கோட்டின் மேலேயே எழுதுங்கள். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்!

பசிக்கிறதா? சாப்பிடும்போது தட்டில் முட்டை இருந்தால் உள்ளூர்ச் சரக்கு என்று தைரியமாகச் சொல்லலாம். சத்துணவில் நீங்கள் சாப்பிடும் முட்டைகளும் பெரும்பாலும் இந்த மாவட்டத்துப் பண்ணைகளிலிருந்து போகிறவைதான். சாலையோரப் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். நெடுஞ்சாலையில் நீங்கள் பார்த்த லாரிகளில் எத்தனையோ இங்கே பிறந்தவை. 1997 வரை இந்த ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது, 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது.

மாலையில் நாமக்கல் கவிஞரின் நினைவு இல்லத்துக்குப் போவோம். வெ.இராமலிங்கம் பிள்ளை. உள்ளே நூலகம் இருக்கிறது. 1930-ல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்து போனார்களே, அந்தத் தொண்டர்கள் வழியெல்லாம் பாடிய பாட்டை எழுதியவர் இவர்தான். பாட்டு மட்டுமா? நன்றாக ஓவியம் வரைவார். 'மலைக்கள்ளன்' என்ற நாவல் எழுதினார். அது 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்த படமாக வந்தது. சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர் 1888-ல் பிறந்தது நாமக்கல்லில் அல்ல, மோகனூரில். காவிரிக் கரை. டவுன் பஸ்ஸில் போய்விடலாம். நேரம் இருந்தால் பொழுது சாயும் முன் அங்கே போய் ஆற்றைப் பார்க்கலாம். தண்ணீர் ஓடினால் கரையில் நின்று பார்ப்பதோடு சரி, இறங்கக் கூடாது!

நோட்டில் நாலைந்து பக்கம் மிச்சம் இருக்கட்டும். தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று ஆங்கிலேயர் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டைக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போகலாம். அது இதைவிடப் பெரிய மலை. ஆறு மணிக்கே ஏற ஆரம்பிக்க வேண்டும்.