தீங்கு செய்யும் பாக்டீரியாக்களுக்குக் குடல் உயிரணுக்களின் எதிர்வினை

மனிதக் குடலின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள ஓரடுக்கு உயிரணுப் படலம் குடல் மேலணியிழையம் எனப்படுகிறது. செரித்த உணவிலிருந்து சத்துகளையும் நீரையும் உறிஞ்சுவது இதன் ஒரு பணி. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடலுக்குள் நுழையாமல் தடுப்பது மற்றொரு பணி. சத்துகளை உறிஞ்ச வேண்டியிருப்பதால் இப்படலம் தோலைப் போலத் தடித்திருக்க முடியாது. எனவே இது தடிப்பைக் காட்டிலும் தன் உயிரணுக்களின் விழிப்பையே பாதுகாப்புக்கு நம்பியுள்ளது.

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. இவற்றுள் பல நார்ச்சத்தை நொதிக்கச் செய்தும் சில வைட்டமின்களை உருவாக்கியும் உடலுக்கு உதவுகின்றன. சால்மோனெல்லா, சிகெல்லா, விப்ரியோ காலரே போன்றவை நோயை உண்டாக்குகின்றன. இரு தரப்புப் பாக்டீரியாக்களின் உடற்கூறுகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே, வந்திருப்பது எது என்பதை அதன் தோற்றத்தை மட்டும் வைத்துக் குடல் உயிரணு முடிவு செய்ய முடியாது. அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பவற்றைக் கொண்டே உயிரணு எதிர்வினை புரிகிறது.

உயிரணு வகைகள்

குடல் மேலணியிழையத்தில் பெரும்பான்மையாக உள்ளவை உறிஞ்சும் உயிரணுக்கள். அவற்றினிடையே சளியைச் சுரக்கும் கோப்பை உயிரணுக்கள் அமைந்துள்ளன. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள சிறு குழிகளின் அடியில் பானெத் உயிரணுக்களும் குருத்தணுக்களும் இருக்கின்றன. குருத்தணுக்கள் இடைவிடாது பிரிந்து புதிய உயிரணுக்களைத் தருவதால், மேலணியிழையத்தின் பெரும்பகுதி 3 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அடுத்தடுத்த உயிரணுக்களின் இடைவெளியை இறுக்கச் சந்திப்புகள் என்னும் புரதப் பிணைப்புகள் அடைக்கின்றன.

முதல் அரண்

பாக்டீரியா உயிரணுவைத் தொடுவதற்கு முன்பே தடைகள் தொடங்கிவிடுகின்றன. பெருங்குடலில் சளி இரண்டு அடுக்குகளாக உள்ளது. தளர்வான வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உயிரணுக்களை ஒட்டியுள்ள அடர்த்தியான உள்ளடுக்கில் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ இல்லை எனலாம்.

சிறுகுடலில் ஓரடுக்குத் தளர்வான சளியே உள்ளது. அங்கு இக்குறையைப் பானெத் உயிரணுக்கள் ஈடுசெய்கின்றன. இவை பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் லைசோசைம் என்ற நொதியையும், டிஃபென்சின்கள் என்ற சிறு புரதங்களையும் சுரக்கின்றன. மனிதரில் டிஃபென்சின் 5 பாக்டீரியாவின் சவ்வைத் துளைக்கிறது. டிஃபென்சின் 6 நுண்ணிய வலையாகப் பின்னிப் பாக்டீரியாவைச் சிக்க வைக்கிறது. இவற்றோடு இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் பிறபொருளெதிரி பாக்டீரியாக்களைப் பிணைத்து, அவை உயிரணுக்களில் ஒட்டாதபடி தடுக்கிறது.

பகையை அடையாளம் காணுதல்

பாக்டீரியாவின் கூறுகளை உணரும் ஏற்பிகள் குடல் உயிரணுக்களில் உள்ளன. இவை அமைந்துள்ள இடமே பகையைப் பிரித்தறிய உதவுகிறது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதமான ஃபிளாஜெலினை டி.எல்.ஆர் 5 என்ற ஏற்பி உணர்கிறது. பெருங்குடல் உயிரணுக்களில் இந்த ஏற்பி முதன்மையாக உயிரணுவின் அடிப்புறத்தில் காணப்படுகிறது. குடற்குழாயில் மிதக்கும் பாக்டீரியாவின் கசையிழை அவ்விடத்தை எட்டாது. ஃபிளாஜெலின் அடிப்புறத்தை அடைந்தால் அரண் மீறப்பட்டுவிட்டது என்று பொருள்.

உயிரணுவின் உள்ளேயும் இத்தகைய காவல் உண்டு. கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் கூறு உள்ளது. குடற்குழாயில் இது எப்போதும் ஏராளமாக இருப்பதால் உயிரணுக்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதே பொருள் உயிரணுவின் உட்பாய்மத்தில் தென்பட்டால், காஸ்பேஸ் 4 என்ற நொதி அதனுடன் நேரடியாகப் பிணைந்து செயல்படத் தொடங்குகிறது.

எச்சரிக்கையும் வெளியேற்றமும்

ஆபத்தை உணர்ந்த உயிரணு இன்டர்லியூக்கின் 8 போன்ற செய்திப் புரதங்களை வெளியிடுகிறது. அவற்றைப் பின்பற்றி நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் இரத்தத்திலிருந்து அவ்விடத்துக்கு விரைகின்றன. சளிச் சுரப்பும் நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களின் சுரப்பும் கூடுகின்றன. இவ்விளைவுகளின் தொகுப்பே அழற்சி.

பாக்டீரியா ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டால், அந்த உயிரணுவே கைவிடப்படுகிறது. காஸ்பேஸ் 4 போன்ற நொதிகள் அதனுள் இறப்பு நிகழ்வைத் தூண்டுகின்றன. அண்டை உயிரணுக்கள் அதன் அடியில் சுருங்கி ஒன்றுசேர்ந்து, தொற்றுற்ற உயிரணுவைக் குடற்குழாய்க்குள் தள்ளிவிடுகின்றன. வெளியேற்றமும் இடைவெளி அடைப்பும் ஒரே வேளையில் நடப்பதால் சுவரில் ஓட்டை விழுவதில்லை. தள்ளப்பட்ட உயிரணு, உள்ளிருக்கும் பாக்டீரியாவோடு மலத்தில் வெளியேறுகிறது.

பாக்டீரியாக்களின் எதிர் உத்திகள்

நோயுண்டாக்கும் பாக்டீரியாக்கள் இப்பாதுகாப்புகளை முறியடிக்கும் வழிகளைப் பெற்றுள்ளன. சால்மோனெல்லா ஊசி போன்ற அமைப்பின் வழியே தன் புரதங்களை உயிரணுவுக்குள் செலுத்துகிறது. இதனால் உயிரணுவின் சவ்வு மடிந்தெழுந்து பாக்டீரியாவைத் தானே உள்ளிழுத்துக் கொள்கிறது.

இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் சிகெல்லா, எம் உயிரணுக்கள் எனப்படும் சிறப்பு உயிரணுக்கள் வழியாக மேலணியிழையத்தைக் கடந்து, பிற உயிரணுக்களை அடிப்புறத்திலிருந்து தாக்குகிறது. காஸ்பேஸ் 4 நொதியைச் செயலிழக்கச் செய்யும் புரதம் ஒன்றும் இதனிடம் உள்ளது. இதனால் தொற்றுற்ற உயிரணு உடனே இறப்பதில்லை. பாக்டீரியா அதனுள் பெருகி அடுத்த உயிரணுவுக்குப் பரவுகிறது.

சில வேளைகளில் உடலின் எதிர்வினையே பாக்டீரியாவுக்குச் சாதகமாகிறது. நியூட்ரோஃபில்கள் மேலணியிழையத்தைக் கடந்து வரும்போது இறுக்கச் சந்திப்புகள் தளர்வதால் மேலும் பல சிகெல்லாக்கள் உள்ளே நுழைகின்றன. அழற்சியின்போது வெள்ளையணுக்கள் வெளியிடும் ஆக்சிசன் சேர்மங்கள் குடலிலுள்ள ஒரு கந்தகச் சேர்மத்தை டெட்ராதயோனேட்டாக மாற்றுகின்றன. சால்மோனெல்லா இதைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி, ஏனைய குடல் பாக்டீரியாக்களை விஞ்சி வளர்வதை எலிகளில் நடந்த ஆய்வுகள் 2010 இல் காட்டின.

காலரா

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே உயிரணுக்களுக்குள் நுழைவதில்லை, சுவரையும் உடைப்பதில்லை. அதன் நச்சு மட்டுமே உள்ளே செல்கிறது. இந்நச்சால் உயிரணுவில் சுழற்சி ஏ.எம்.பி என்னும் செய்தி மூலக்கூறின் அளவு உயர்கிறது. குளோரைடு அயனிகள் குடற்குழாய்க்குள் வெளியேற, சோடியமும் நீரும் அவற்றைத் தொடர்கின்றன. கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரிழப்பு ஏற்படலாம். சிகிச்சை இல்லையெனில் சில மணி நேரத்தில் உயிர் போகும்.

நோய்க்குக் காரணம் பாக்டீரியா குடலுக்குள் வெளியிடும் நச்சே என்பதைக் கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் தே முயல்களின் குடலில் செய்த சோதனைகளால் மெய்ப்பித்து, 1959 இல் வெளியிட்டார். உயிரணு அழிவதில்லை என்பதே சிகிச்சைக்கு வழிகாட்டியது. சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்ளிழுக்கும் புரதம் காலராவிலும் பழுதின்றி இயங்குகிறது. ஆகையால் உப்பும் குளுக்கோசும் உரிய அளவில் கலந்த நீரைக் குடித்தால் உயிரணுக்கள் அதை உறிஞ்சிக் கொள்கின்றன. 1971 இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் திலீப் மகாலனபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் வழங்கினார். அங்கு சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு வீதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே சென்றது. இன்று இது ஓ.ஆர்.எஸ் என்ற பெயரில் உலகெங்கும் பயன்படுகிறது.

எதிர்வினை பிறழும்போது

எச்சரிக்கை முறைமை தவறினால் தொற்று இல்லாமலும் நோய் வரும். பாக்டீரியாச் சுவரின் துணுக்குகளை உணரும் நோட் 2 புரதத்தின் மரபணு மாற்றங்கள், குரோன் நோய் என்னும் நாட்பட்ட குடல் அழற்சிக்கான வாய்ப்பைக் கூட்டுவதாக 2001 இல் கண்டறியப்பட்டது. குறையாகப் பாதுகாப்பது எவ்வளவு தீங்கோ, ஓயாமல் போரிடுவதும் அவ்வளவு தீங்கு என்பதற்கு இந்நோய் சான்று.

மீட்பும் ஆய்வும்

தொற்று அடங்கியபின் குருத்தணுக்கள் புதிய உயிரணுக்களைத் தந்து சிதைந்த இடத்தை நிரப்புகின்றன. வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ் கரைசலுடன் 10 முதல் 14 நாட்களுக்குத் துத்தநாகம் தருமாறு உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. துத்தநாகம் நோயின் காலத்தைக் குறைக்கிறது. அந்நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர்.

சிகெல்லா போன்றவை மனிதரைத் தாக்குவதுபோல் எலிகளை எளிதில் தாக்குவதில்லை. அதனால் விலங்குச் சோதனைகள் மட்டும் போதவில்லை. குடல் குருத்தணு ஒன்றிலிருந்து குழிகளும் பலவகை உயிரணுக்களும் கொண்ட சிறு குடல் மாதிரியை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்சின் குழுவினர் 2009 இல் எலி உயிரணுக்களைக் கொண்டு உருவாக்கினர். 2011 இல் மனித உயிரணுக்களிலும் இது இயன்றது. நோயாளியின் சொந்த உயிரணுக்களே தொற்றுக்கு எவ்வாறு எதிர்வினை புரிகின்றன என்பதை இம்மாதிரிகளில் நேரில் காண முடிகிறது.