நாலு பேர் சேர்ந்தால் என்ன பேசுகிறோம்?

நம் கேண்டீன் பெஞ்சில் பத்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். அரியர், கிரிக்கெட், புதுப்படம், "அவன் என்ன சொன்னான் தெரியுமா?"... இவ்வளவுதான். உடனே ஒரு பொன்மொழியை எடுத்து நம் மேல் வீசுவார்கள். சிறியவர்கள் ஆட்களைப் பற்றியும், நடுத்தரமானவர்கள் சம்பவங்களைப் பற்றியும், அறிவாளிகள் கருத்துகளைப் பற்றியும் பேசுவார்களாம்! எலினார் ரூஸ்வெல்ட் சொன்னது என்பார்கள். ஆனால் 1862-ல் மறைந்த ஹென்றி தாமஸ் பக்கிள் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் இப்படிச் சொல்வார் என்று 1901-லேயே ஒரு நூல் குறித்து வைத்திருக்கிறது.

யார் சொன்னால் என்ன, எனக்கு இந்தத் தராசில் நம்பிக்கையில்லை. ராபின் டன்பாரும் அவருடைய கூட்டாளிகளும் பிரிட்டனில் பொது இடங்களில் ஜனங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு (ஆராய்ச்சிக்காகத்தான்!) 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேச்சு நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனிதர்கள், உறவுகள், சொந்த அனுபவங்கள் பற்றித்தான். அப்போ எல்லாருமே சின்ன மூளையா?

நான் கவனிப்பது வேறு. எடுத்த பேச்சுக்குள் ஒருவன் என்ன கேட்கிறான்? 1999 ஜனவரி சேப்பாக்கம் டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு 271. டெண்டுல்கர் 136 அடித்து அவுட்டானபோது ஸ்கோர் 254. பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். "அவர் தூக்கி அடிச்சிருக்கக் கூடாதுப்பா" என்று இன்றும் புலம்புகிறவர் உண்டு. "சரி, பாக்கி மூணு விக்கெட் ஏன் 4 ரன்னுல விழுந்துச்சு?" என்று கேட்கிறவரும் உண்டு. அவர் பக்கத்தில்தான் நான் உட்காருவேன்.

ஒர்க்‌ஷாப்பிலும் இதே கதைதான். இரண்டு சென்டருக்கு நடுவில் மாட்டி ஓட்டிய ஜாப், ஒரு முனையில் பெருத்து மறுமுனையில் சிறுத்து வருகிறது. "ஓட்டை மெஷின்டா!" என்பான் ஒருத்தன். "டெயில்ஸ்டாக் சென்டர்ல இருக்கா, பாத்தியா?" என்பான் இன்னொருத்தன். ராத்திரி ஹாஸ்டல் மாடியில் நாட்டையே திருத்துகிற பெரிய பேச்சுக்காரர்களில் சிலர், இந்த மாதிரிக் கேள்வி ஒன்றைக்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை!

ஆட்களைப் பற்றிப் பேசுவதிலும் எத்தனை வகை! சீனியர் அண்ணன் ஒருவருக்கு வேலை கிடைத்த செய்தி வருகிறது. "யாரைப் பிடிச்சாராம்?" என்று கேட்டவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். "இன்டர்வியூல என்னண்ணே கேட்டாங்க?" என்று கேட்டவனுக்கு, அண்ணன் வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்டிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.