விழுப்புரம் பக்கத்துக்கு ஓர் ஐரோப்பிய டைரி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்கள் சிறிது நேரத்துக்குள் மூன்று எல்லைகளைக் கடக்கிறார்கள். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு. காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. கனகசெட்டிகுளம் தாண்டிக் கீழ்புத்துப்பட்டு வந்தால் மறுபடி தமிழ்நாடு. எல்லையில் பைக்கை நிறுத்தி, பெட்டிக்குள் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிற காவலருக்கு இந்தக் கோட்டை யார் போட்டார்கள் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. நெப்போலியன் முதல்முறை பதவி இழந்த கையோடு, 1814 மே 30 அன்று பாரிஸில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கைதான் பிரெஞ்சுக்காரர்களிடம் அவர்களுடைய இந்திய ஊர்களைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஊர்களின் துண்டு துண்டான எல்லைதான் இன்றைக்கும் டாஸ்மாக் விலைக்கும் புதுச்சேரி விலைக்கும் நடுவே நிற்கிறது.

உப்புக் கதை இன்னும் சுவாரசியமானது. 1815 மார்ச் 7 அன்று லண்டனில் இன்னோர் ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சு இந்தியப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனி உரிமை ஆங்கிலேயருக்கு. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்கு. எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் ஒரு வாரத்துக்கு முன்புதான் பிரான்சின் தென்கரையில் இறங்கிப் பாரிஸை நோக்கி நடந்துகொண்டிருந்தார்! ஐரோப்பாவே கலங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்திலும் சோழமண்டலக் கரையின் உப்புக் கணக்கை யாரோ மறக்காமல் முடித்திருக்கிறார்கள். 1818இல் அதுவும் போதாதென்று, பாண்டிச்சேரியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்திக்கொள்ள பிரெஞ்சுத் தரப்பு சம்மதித்தது. அதற்கு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் பேசப்பட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்திகள் காய்ந்தன; இந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த மரக்காணத்தில் உப்பு வாருவது தொடர்ந்தது. அளத்தில் கால் வைத்தவர் எவரையும் கேட்டு எடுத்த முடிவுகள் அல்ல இவை.

இதை இப்போது சொல்லக் காரணம், பத்திரிகை அலுவலகங்களில் புழங்கும் ஒரு பட்டியல். ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி நிறுவனங்கள் வரப்போகும் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே தொகுத்து அனுப்பும். 'டைரி' என்பார்கள். எந்த நாளில் எந்த நாட்டில் தேர்தல், எப்போது ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை அறிவிக்கும், எந்த அமைச்சர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று வரிசையாக இருக்கும். நம் நாளிதழ்களில் அது வெளிநாட்டுப் பக்கத்தைப் பார்ப்பவரின் மேசையோடு நின்றுவிடும். விழுப்புரம் மாவட்டப் பக்கத்தைப் பார்ப்பவர் அதைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்பது என் கட்சி. மரக்காணம் கரையில் இறால், அகதி முகாம், பிரெஞ்சு ஓட்டு என்று மூன்று விஷயங்களாவது ஐரோப்பியத் தேதிகளைப் பார்த்தபடி நகர்கின்றன.

இது புதுப் பழக்கமும் அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைத் திறந்தால், ஐரோப்பாவிலிருந்து கப்பல் வந்ததா, என்ன சேதி கொண்டுவந்தது என்ற விசாரிப்பு திரும்பத் திரும்ப வரும். அவர் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் துபாஷி மட்டுமல்ல, வியாபாரி. போர் என்றால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் துணி கிடங்கிலேயே கிடக்கும். 1744இல் பிரான்சும் இங்கிலாந்தும் போரை அறிவித்தன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. 1748இல் ஐரோப்பாவில் எய்க்ஸ்-லா-ஷப்பேல் என்ற ஊரில் போட்ட உடன்படிக்கையால் மறு ஆண்டே சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில் இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை 1750இல் டியூப்ளேவுக்குக் கிடைத்தது, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. அப்போது சேதி வர மாதக்கணக்கில் ஆனது. இன்று நொடியில் வருகிறது, ஆனால் பிள்ளைக்கு இருந்த அக்கறைதான் நமக்கு இல்லை.

முதலில் இறால். மரக்காணம் கரையோரம் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் நிறைந்த வட்டாரம். உள்ளூரில் ஹேச்சரி என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் வன்னமை தாய் இறால், சென்னை நீலாங்கரைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் நோய்ச் சோதனை முடிந்து பொரிப்பகத்துக்கு வருகிறது. குஞ்சு பண்ணைக்குப் போகிறது. வளர்ந்த இறால் கவுண்ட் பார்த்து விலை போகிறது, அதாவது ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்பதுதான் கணக்கு. பிறகு பதப்படுத்தும் ஆலை, குளிர்பெட்டி, கப்பல். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஐரோப்பியத் துறைமுகமாக இருந்தால் ஒரு சங்கடம் உண்டு. இந்தியப் பண்ணை இறாலில் நைட்ரோபியூரான், குளோராம்பெனிகால் போன்ற மருந்து எச்சங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க, வந்திறங்கும் சரக்கில் 10 சதவீதத்துக்குச் சோதனை என்றிருந்ததை 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் 50 சதவீதமாக்கியது. இரண்டுக்கு ஒரு சரக்கு சோதனைக்கு நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளும் செலவு. அந்தச் செலவு கடைசியில் குளத்து மேட்டில் பேசும் விலையில்தான் கழியும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது, இறால்காரர்கள் எல்லோரும் ஐரோப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மாதமே 102 இந்தியக் கடலுணவு நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புதிதாக ஏற்றுமதி அனுமதி கொடுத்தது. 2026 ஜனவரி 27 அன்று இந்தியாவும் ஒன்றியமும் தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சு முடிந்தது என்று டெல்லியில் அறிவித்தன. முந்தின நாள் குடியரசு தின அணிவகுப்பைப் பார்த்த ஒன்றியத் தலைவர்கள் உர்சுலா வான் டெர் லெயனும் அன்டோனியோ கோஸ்டாவும் மேடையில் இருந்தார்கள். எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கம். 'வரி போச்சு' என்று கடற்கரையில் பேச்சு.

வரி அன்றைக்கே போய்விடவில்லை. பேச்சு முடிந்த பிறகு ஒப்பந்த வாசகத்தைச் சட்ட நிபுணர்கள் வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் பெயர்க்க வேண்டும். உறுப்பு நாடுகளின் கவுன்சில் ஏற்க வேண்டும். 720 உறுப்பினர்கள் கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றம் இசைய வேண்டும். இது வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. தென்னமெரிக்க மெர்கோசூர் நாடுகளோடு கால் நூற்றாண்டு பேசிய ஒப்பந்தம் 2026 ஜனவரியில் கையெழுத்தானது. சில நாட்களிலேயே அதே நாடாளுமன்றம் அதை ஒன்றிய நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பி வைத்தது. கையெழுத்துப் படம் வேறு, நடைமுறை வேறு. நம் பத்திரிகைகள் முன்னதைப் போடுகின்றன. பின்னதற்கான தேதிகள் அந்த நாடாளுமன்றத்தின் ஸ்ட்ராஸ்பர்க் கூட்டத்தொடரின் நிகழ்ச்சி நிரலில் இருக்கின்றன. ஆண்டுக்கு 12 முறை அந்த நகரில் முழு அமர்வு கூடுகிறது, அட்டவணை முன்னதாகவே பொதுவில் கிடைக்கிறது.

இதைவிட முக்கியமான தேதி ஒன்று, அதற்குத் தலைப்புச் செய்தி கிடைத்ததாக நினைவில்லை. விலங்குகள் வேகமாக வளர்வதற்காக நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதையும், மனித மருத்துவத்துக்கென ஒதுக்கிய மருந்துகளைக் கொடுப்பதையும் ஒன்றியம் தன் நாடுகளில் தடுத்திருக்கிறது. அதே நிபந்தனை இறக்குமதிக்கும் 2026 செப்டம்பர் 3 முதல் பொருந்தும் என்று விதி செய்தார்கள். பண்ணை இறாலும் அதற்குள் வரும். வரி பூஜ்யமானாலும் மருந்துக் கணக்கு சரியில்லாத சரக்கு உள்ளே போகாது. ஒரு கொள்முதல் வியாபாரி சொல்வதற்கு முன்னால் இதைப் பண்ணைக்காரர் தன் ஊர்ப் பத்திரிகையில் படித்திருக்க வேண்டாமா?

அடுத்தது முகாம். கீழ்புத்துப்பட்டு என்றால் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சனீஸ்வரர் அய்யனார். இலங்கைத் தமிழர் வட்டாரத்தில் அந்தப் பெயருக்கு வேறு பொருள், முகாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் இப்படி முகாம்கள் உண்டு. 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மாநில அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது, தகுதி மாறவில்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆகவே இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணமும் ஆன தலைமுறை இன்னும் வெளிநாட்டவராகப் பதிவேட்டில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

ஊர் திரும்பலாமா என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் ஜெனீவாவைப் பார்க்கிறார்கள். அங்கே ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஆண்டுக்கு மூன்று முறை கூடும்: பிப்ரவரி-மார்ச், ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர். இலங்கைப் போர்க்காலக் குற்றங்களுக்கான ஆதாரங்களைச் சேகரிக்கும் ஐ.நா. அலுவலகப் பணியை 2025 அக்டோபர் 6 அன்று நிறைவேறிய தீர்மானம் இன்னும் இரண்டு ஆண்டுக்கு நீட்டித்தது. வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. கணக்குப் போட்டால் 2027 செப்டம்பர் கூட்டத்தொடரில் அடுத்த சண்டை. பிரஸ்ஸல்ஸிலும் ஒரு கயிறு இருக்கிறது. இலங்கை ஆடைகளுக்கு ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகை மனித உரிமை உடன்படிக்கைகளைக் கடைப்பிடிப்பதோடு கட்டப்பட்டது. 2010 ஆகஸ்டில் அந்தச் சலுகை பறிபோனது, 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கு என்று 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. இப்போதைய சலுகைத் திட்டத்தின் சட்டக் காலம் 2027 டிசம்பர் 31 வரை. ஜெனீவா கண்டிக்கும், காசு பிரஸ்ஸல்ஸிடம். கொழும்பு இரண்டில் எதற்கு அதிகம் செவி சாய்க்கும் என்பது முகாமில் இருக்கிற பாட்டிக்கும் தெரியும்.

இங்கேயே இருப்பது, ஊர் திரும்புவது போக மூன்றாவது வழி, பாரிஸில் இருக்கும் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ போய்ச் சேர்வது. 'அசைலம் அடிப்பது' என்பது புலம்பெயர்ந்தவர் பேச்சு. அதன் விதிகளை ஐரோப்பிய ஒன்றியம் புதிதாக எழுதியிருக்கிறது. நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2026 ஜூன் 12. எந்த நாட்டவரின் விண்ணப்பங்களில் ஒன்றிய அளவில் 20 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ ஏற்கப்படுகிறதோ, அவர்களை எல்லையிலேயே வைத்து 12 வாரத்துக்குள் விசாரித்து முடிக்க அதில் வழி இருக்கிறது. 'பாதுகாப்பான தாய்நாடுகள்' என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த ஏழு நாட்டுப் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. இந்தியாவில் பிறந்தும் இந்தியர் ஆகாத முகாம் இளைஞரை எந்தக் கட்டத்தில் வைப்பார்கள்? ஏஜெண்டிடம் லட்சங்களைக் கொடுக்கும் முன் அவர் கேட்க வேண்டிய கேள்வி இது. பதிலைத் தேடித் தருவது நிருபர் வேலை.

இனி கோட்டுக்கு அந்தப் பக்கம். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அது சட்டப்படி நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று அப்போது எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாக்காளர்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவருக்குப் புதுச்சேரியில் 'சொல்தா' என்று பெயர். 2022 பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்தின் பகுதியில் 4,500க்கு மேற்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். 2024 ஜூன் 9 இரவு பிரெஞ்சு அதிபர் மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். மூன்றே வாரத்தில் புதுச்சேரியில் ஓட்டுப்பெட்டி. வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரருக்கான 11ஆவது தொகுதியில் இந்தியாவும் அடக்கம். அந்தத் தேர்தலில் இணையவழி ஓட்டும் உண்டு. அதிபர் தேர்தலில் இல்லை. நேரில் வர வேண்டும், அல்லது இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மக்ரோனின் பதவிக்காலம் 2027 மே 13 நள்ளிரவோடு முடிகிறது. முதல் சுற்று அதற்கு 20 முதல் 35 நாள் முன்னதாக நடக்க வேண்டும் என்கிறது பிரெஞ்சு அரசியல் சாசனம். ஆக 2027 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் முறை அவர் நிற்க முடியாது. ஓய்வூதியம்தான் அந்தத் தேர்தலின் பெரிய வாக்குவாதங்களில் ஒன்று. 2025 ஜூலையில் பிரதமர் பைரூ, அடுத்த ஆண்டு ஓய்வூதிய உயர்வே வேண்டாம் என்று திட்டம் சொன்னார். செப்டம்பரில் அவர் அரசே கவிழ்ந்தது. சொல்தா வீட்டுத் திண்ணையில் அது வெளிநாட்டுச் செய்தி அல்ல, மளிகைக் கணக்கு. யூரோவுக்கு எத்தனை ரூபாய் என்பதும் அப்படியே. அதற்குத்தான் சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வட்டியை முடிவு செய்யும் ஐரோப்பிய மத்திய வங்கியின் நாட்களையும் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

டைரியில் வருகிற எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கச் சொல்லவில்லை. டாவோஸ் பனியில் கோட்டோடு நிற்கும் தலைவர்களின் படம் விழுப்புரம் பக்கத்துக்கு வேண்டாம். ஒன்றியத்தின் சுழற்சித் தலைமை 2026 பிற்பாதியில் அயர்லாந்துக்கு, 2027இல் லிதுவேனியாவுக்கும் கிரீஸுக்கும் என்பது தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் குடி முழுகாது. அங்கே எடுக்கும் முடிவு இங்கே யார் கையில் வந்து விழுகிறது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பட்டியலில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

மிச்சமிருப்பதற்கு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செய்தி நிறுவனம் அனுப்பும் டைரியின் ஒரு நகலை மாவட்ட நிருபர்களுக்கும் அனுப்புங்கள். ஜெனீவாவில் 2027 செப்டம்பர் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே கீழ்புத்துப்பட்டு முகாமுக்கு ஒரு நிருபர் போகட்டும். தீர்மானம் நிறைவேறிய மறுநாள் மைக்கை நீட்டிக்கொண்டு போவதை விட அது பயனுள்ளது.