நிகோடின் போன பின்னும் நிற்கும் ஆசை

சிகரெட்டை விட்டு ஒரு மாதம் தாண்டியவர், டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் பற்றவைத்ததைப் பார்த்துத் தானும் ஒன்று வாங்கிவிட்டால், மனஉறுதி போதவில்லை என்று சொல்லிவிடுகிறோம். நிகோடின் உடம்பை விட்டு இறங்க இறங்க ஆசையும் இறங்கிவிடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் போதும் என்பதுதான் நம் கணக்கு. அது பாதிதான் சரி. ரத்தத்திலுள்ள நிகோடின் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. எரிச்சல், தூக்கக் கேடு, எதிலும் மனம் நிலைக்காமை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் அடங்குகின்றன. நிகோடின் குறைவால் வரும் அந்த ஆசை வேறு. நெருப்பைப் பார்த்ததும், புகை வாசம் பட்டதும், டீ கிளாஸ் கைக்கு வந்ததும் எழும் ஆசை வேறு.

இதை நன்றாகக் காட்டியது இஸ்ரேலில் ரூவன் தார் குழுவினர் விமானப் பணியாளர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு. புகைபிடிக்கும் அதே பணியாளர்களை 3 முதல் 5.5 மணி நேரப் பயணத்திலும், 8 முதல் 13 மணி நேரப் பயணத்திலும் புகைக்கும் ஆசை எவ்வளவு என்று கேட்டார்கள். நிகோடின் குறைவுதான் காரணம் என்றால், நீண்ட பயணத்தின் முடிவில் ஆசை பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. குறுகிய பயணம் முடியும்போது இருந்த ஆசை, நீண்ட பயணம் முடியும்போது இருந்ததற்கு ஏறக்குறையச் சமம். நீண்ட பயணத்தில் அதே மணிக்கணக்கு கடந்த கட்டத்தில் இருந்ததைவிட அதிகம். கடைசி சிகரெட் எப்போது என்பதைவிட, அடுத்தது எப்போது கிடைக்கும் என்பதே ஆசையை ஏற்றியது. சிறு ஆய்வுதானே என்று ஒதுக்கலாம். ஆனால் ஓய்வுநாளில் நெருப்பைத் தொடாத யூதர்களிடம் அதே குழு முன்பே செய்த ஆய்வும் இதையே சொன்னது: அன்று அவர்களுக்கு வந்த ஆசை, வேலைநாளில் புகைக்காமல் இருக்கச் சொன்னபோது வந்ததைவிடக் குறைவு.

விட்ட பிறகு என்ன ஆகிறது? கில்லிண்டர் பேடி குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புகையை நிறுத்தியவர்களுக்கு 7, 14, 35 நாட்களில் சிகரெட் சம்பந்தப்பட்ட தூண்டுதல்களைக் காட்டிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது வரும் ஆசை நாளாக நாளாகக் குறைந்தது. தூண்டுதலைக் கண்டதும் எழும் ஆசையோ கூடியது. ஐந்தாம் வாரத்தில் ஒருவர் சறுக்கினால், அவர் சோம்பிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள இது இடம் தரவில்லை.

அப்படியானால் எல்லாம் பழக்கம்தான், நிகோடினுக்குப் பங்கில்லை என்பதா? இல்லை. தூண்டுதலுக்கு அந்த வலிமையைக் கொடுத்ததே நிகோடின்தான். இழுத்த 10, 20 விநாடிகளில் அது மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்றால், நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவர் ஆண்டில் 70,000 முறைக்கு மேல் அதே வாசத்தோடும் அதே இடத்தோடும் அந்தப் பலனைப் பெறுகிறார். அடிமைத்தனம் கூடினால் தூண்டுதலுக்கு மயங்குவதும் கூடும் என்றுதான் தோன்றும்; ஆனால் ஆய்வு முடிவுகள் அப்படி ஒரே திசையில் இல்லை. நாளெல்லாம் புகைப்பவர் பெரும்பாலும் நிகோடின் அளவைத் தக்கவைக்கவே பிடிக்கிறார். எப்போதாவது பிடிப்பவரை நண்பர் வட்டமும் இடமும் இழுக்கின்றன. ‘நான் நாலைந்துதான் பிடிக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் விடலாம்’ என்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் குறைவால் வரும் முதல் வகை ஆசையை நன்றாகக் குறைக்கிறது. பக்கத்தில் ஒருவர் பற்றவைத்ததும் பொங்குவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அந்த நேரத்துக்கு உடனே மெல்லும் நிகோடின் சூயிங்கம் உதவும். தூண்டுதலைத் திரும்பத் திரும்பக் காட்டி மரத்துப்போகச் செய்யும் சிகிச்சையும் முயலப்பட்டது. மருத்துவ அறைக்குள் அடங்கிய ஆசை டீக்கடைக்கு வந்ததும் தலைதூக்கிவிடுவதால் பெரிய பலனில்லை. நம் ஊரிலோ சிகரெட்டை ஒற்றையாக வாங்கலாம். அடுத்தது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான். ஆகவே முதல் மாதம் முடிந்ததும் காவலைத் தளர்த்தாதீர்கள். டீயை வேறு கடையில், வேறு ஆளோடு குடியுங்கள். பெட்டியையும் லைட்டரையும் வீட்டை விட்டு அகற்றுங்கள். புகையிலையை விட உதவும் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800 11 2356.