படத்தைப் பற்றித்தானே கதைக்கிறோம்

முல்லைத்தீவில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முதல் புத்திமதி, அரசியல் எழுதாதே என்பதுதான். படத்தைப் பற்றி எழுது, பாட்டைப் போடு, கேம் விளையாடு, மற்றதுக்குப் போகாதே. போரில் இறந்தவர்களுக்கான நினைவேந்தல்கள் வரும் மே மாதமும் நவம்பர் மாதமும் வந்தால் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். பட்டறிவில் பிறந்த புத்திமதி இது. பழிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் ஒரு பிழையான கணக்கு இருக்கிறது. படம், நாடகம், விளையாட்டு பற்றிய கருத்துக்கு எடை கிடையாது, அது ஆரையும் காட்டிக்கொடுக்காது என்கிற கணக்கு. கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்திருக்கும் சான்றுகள் அதற்கு நேர் எதிராக நிற்கின்றன.

2006 ஒக்டோபரில் அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. அப்போது அது தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னாருக்கு இன்ன படம் பிடிக்கும் என்று அதன் கணினி செய்யும் ஊகத்தை 10 சதவீதம் கூர்மையாக்குபவருக்கு 10 இலட்சம் டொலர் பரிசு. போட்டியாளர்கள் சோதித்துப் பார்க்கவென்று ஏறத்தாழ 480,000 வாடிக்கையாளர்கள் படங்களுக்கு இட்ட 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை நிறுவனம் வெளியிட்டது. பெயர் இல்லை, முகவரி இல்லை. ஆளுக்கு ஓர் இலக்கம், படத்தின் பெயர், ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம், திகதி. அவ்வளவுதான். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம் என்றும் சொன்னது.

ரெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த அரவிந்த் நாராயணனும் அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகொவும் அந்தத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் முடிவு இது: ஒருவர் மதிப்பெண் இட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும். அந்த எட்டில் இரண்டு பிழையாக இருக்கலாம், திகதி இரண்டு வாரம் முன்பின்னாக இருக்கலாம். அப்போதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பதிவுகளைத் தனியே பிரித்து எடுத்துவிடலாம். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தளத்தில் பகிரங்கமாகக் கருத்து எழுதியவர்களில் சிறிய எண்ணிக்கையினரை ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு பேர் அகப்பட்டார்கள். வெளியே சில படங்களுக்குக் கருத்து எழுதியவர்தான் உள்ளே, ஒருவரும் அறியாமல், இன்னின்ன படங்களைப் பார்த்தவரும் என்பது தெரிந்துபோயிற்று. அந்த மறைவான பட்டியலில் அரசியல் ஆவணப்படங்களும் மதப் படங்களும் இருந்தன.

இதில் மந்திரம் எதுவுமில்லை. எல்லாரும் பார்த்த விஜய் படம் உங்களைக் காட்டிக்கொடுக்காது. ஊரில் வேறு ஒருவரும் தேடாத பழைய படம் ஒன்றும், அதைப் பார்த்த கிழமையும் காட்டிக்கொடுக்கும். 480,000 பேருக்குள்ளேயே ஒருவரைப் பிரித்தெடுக்க முடியுமென்றால், 2012 குடிசன மதிப்பீட்டில் 92,000 பேரளவே இருந்த ஒரு மாவட்டத்தில், தமிழில் எழுதுகிற, இன்ன கிராமத்து வலையமைப்பிலிருந்து வருகிற ஒரு இளைஞனைப் பிரித்தெடுப்பது எவ்வளவு சுலபம் என்று யோசிக்கலாம்.

2009இல் ஒரு பெண் தன் பெயரை மறைத்து நெட்பிளிக்ஸ்மீது வழக்குப் போட்டார். தன் படத் தெரிவுகளிலிருந்து தன்பால் ஈர்ப்பு வெளியாகிவிடும், பிள்ளைகளுக்குப் பாதிப்பு வரும் என்பது அவர் அச்சம். 2010 மார்ச்சில் நிறுவனம் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது. முதல் போட்டியின் தரவைப் பல்லாயிரம் பேர் அதற்குள் இறக்கி வைத்திருந்தார்கள். அதை எந்த வழக்காலும் திரும்ப எடுக்க இயலாது.

இது ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை. ஆளின் உள்ளத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அதன்பின் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மிகேல் கொசின்ஸ்கியும் சகாக்களும் 2013இல் 58,000 முகநூல் பாவனையாளரின் லைக்குகளை ஆராய்ந்தார்கள். பாடகர், திரைப்படம், தொலைக்காட்சி நிகழ்ச்சி, தின்பண்டம் என்று ஆளாளுக்குச் சராசரி 170 லைக். அதை வைத்தே, ஒருவர் அமெரிக்காவின் எந்தக் கட்சிக்காரர் என்பதை 85 சதவீதமும், கிறித்தவரா முஸ்லிமா என்பதை 82 சதவீதமும் சரியாகப் பிரிக்க முடிந்தது. தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களை இனங்காண்பதில் 88 சதவீதம். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே அந்த அடையாளத்தை நேரடியாகச் சொல்லும் பக்கங்களுக்கு லைக் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அவர்கள் சொல்லாததை அவர்களுடைய பாட்டும் நாடகமும் சொல்லிவிட்டன.

இரண்டு வருடம் கழித்து வந்த அடுத்த ஆய்வு ஒருவரின் குணத்தை ஊகிப்பதைப் பற்றியது. பத்து லைக் தெரிந்த கணினி, கூட வேலை செய்பவரை வென்றது. 70இல் நண்பரை, 150இல் வீட்டாரை, 300இல் கணவனை அல்லது மனைவியை. பெற்ற தாய்க்குத் தெரியாதது போனுக்குத் தெரியும் என்று இனி வேடிக்கையாகச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வகை அறிவு சந்தைக்கும் வந்தது. கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனம் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையானோரின் முகநூல் தரவைப் பெற்றிருந்தது 2018இல் அம்பலமாகியது. மறுவருடம் முகநூல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 500 கோடி டொலர் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டது.

ஆக, வாய்விட்டு அரசியல் பேசாத பிள்ளையைப் பற்றிய அரசியல் ஊகம் எங்கோ ஒரு கணினியில் ஏற்கெனவே இருக்கக்கூடும். அது சரியாக இருக்கலாம். பிழையாக இருந்தால் இன்னும் மோசம்.

எழுதாமல் பார்த்தால் மட்டும் தப்பலாமா? வெளிநாட்டுக் காசிலோ தவணைக்கோ வாங்கிய ஸ்மார்ட் ரிவி இப்போது வன்னி வீடுகளிலும் இருக்கிறது. அமெரிக்காவில் விசியோ என்ற நிறுவனம் 2014 பெப்ரவரி முதல் தன் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஓடுவதை விநாடிக்கு விநாடி பதிவு செய்தது. கேபிளில் வந்தாலும் டிவிடியில் வந்தாலும் திரையில் தெரிவதையே படம்பிடித்து இனங்கண்டது. பிறகு அதை விற்றது. மொத்தம் 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகள். 2017இல் அது செலுத்த ஒப்புக்கொண்ட தொகை 22 இலட்சம் டொலர். பெட்டிக்கு 20 சதம்.

விளையாட்டுக்கு வருவோம். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 52 கோடி டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதில் 27.5 கோடி சிறுவர்களின் தனிப்பட்ட விவரங்களைச் சேர்த்ததற்காக. குற்றச்சாட்டுகளில் ஒன்று, குரலில் கதைக்கும் வசதி நிறுவும்போதே திறந்திருந்தது என்பது. பிள்ளை முன்பின் தெரியாத பெரியவரோடு கதைத்துக்கொண்டிருக்கும், பெற்றோர் அது கேம் விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெடியள் கூடுதலாக விளையாடும் ஃப்ரீ ஃபயரிலும் பப்ஜியிலும் குரல் வசதி உண்டு, முகநூல் கணக்கோடு இணைத்து உள்ளே போகும் வழியும் உண்டு. இணைத்துவிட்டால் விளையாட்டுப் பெயரும் சொந்தப் பெயரும் ஒரே ஆளுடையவை ஆகிவிடும். பப்ஜியை 2020 செப்டெம்பரிலும் ஃப்ரீ ஃபயரை 2022 பெப்ரவரியிலும் இந்தியா தடைசெய்தபோது சொன்ன காரணம், பிள்ளைகளின் படிப்போ கண்ணோ அல்ல, நாட்டின் பாதுகாப்பும் தரவும்தான்.

அணிக்குப் பெயர் வைக்கும் இடத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. புலி, வேங்கை, சிறுத்தை என்று வைப்பது உலகில் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் வீரம். முல்லைத்தீவுப் பிள்ளை வைத்தால் அதை வாசிக்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

தொடரைப் பற்றி எழுதினாலும் இதே சங்கடம்தான். 2021 மே 19 அன்று, போரின் இறுதியில் இறந்தவர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு மறுநாள், ‘த ஃபமிலி மான்’ என்ற இந்திய இணையத் தொடரின் இரண்டாம் பருவத்துக்கான முன்னோட்டம் வெளியானது. சமந்தா ஈழப் போராளியாக நடித்த தொடர். தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. மாநில அமைச்சர் மனோ தங்கராஜ் தடை கோரி ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 4ஆம் திகதி தொடர் வெளிவந்தே விட்டது. சென்னையில் இருப்பவருக்கு இது ஒரு ஹாஷ்டாக். முல்லைத்தீவில் இருப்பவர் அந்தத் தொடரைப் பற்றி நேர்மையாக நாலு வரி எழுதப் புறப்பட்டால், புலிகள் இயக்கம் இப்படித்தான் இருந்தது என்றோ இப்படி இருக்கவில்லை என்றோ எழுதியாக வேண்டும். முதலாவதை எழுதினால் அயலவன் முகம் சுளிப்பான். இரண்டாவதை எழுதினால் சட்டம் இருக்கிறது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே தற்காலிக ஏற்பாடுகள் என்று இருக்கிறது. 1982இல் அது நிரந்தரமானது. இரத்துச் செய்வோம் என்று மாறி மாறி வந்த அரசாங்கங்கள் சொன்னதுண்டு. 2020 நவம்பரிலும் அதற்குப் பிறகும் மட்டக்களப்பில் முகநூல் பதிவுகளுக்காக இளைஞர்கள் இந்தச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். 2024 நவம்பரில், இறந்த புலிப் போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாளை ஒட்டியும் முகநூல் பதிவுகளுக்காகக் கைதுகள் நடந்தன. 2025 ஓகஸ்டில் முல்லைத்தீவு ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணனைப் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு விசாரணைக்கு அழைத்தது. விசாரணைக்குப் பேர்போன கொழும்பு நாலாம் மாடிக்குப் போகத் தேவை இருக்கவில்லை. விசாரணை நடந்தது முல்லைத்தீவின் அலம்பிலிலேயே.

இவை அரசியல், கலை வேறு என்று ஒருவர் சொல்லலாம். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வரும் மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் எழுதியது கவிதை. ‘நவரசம்’ என்ற தமிழ்த் தொகுப்பு. தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று 2020 மே மாதம் கைதுசெய்தார்கள். வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அந்தத் தொகுப்பில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதானார். நத்தாஷா எதிரிசூரிய 2023 மே மாதம் கைதானது மேடை நகைச்சுவைக்காக. சிறுகதையும் சிரிப்பும் இந்தப் பட்டியலில் இருக்கும்போது திரைவிமர்சனம் மட்டும் எப்படி வெளியே நிற்கும்?

இதற்கு மேல் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறி 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. மக்களின் தரவைக் காப்பாற்ற வந்த 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகளோ 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. தண்டிக்கும் சட்டம் ஓடி வருகிறது, காக்கும் சட்டம் நடந்துகூட வரவில்லை.

நிறுவனங்கள் எங்கள் பக்கம் நிற்கும் என்று நம்பவும் இடமில்லை. 2018இல் முஸ்லிம்களுக்கு எதிரான திகன வன்முறையின்போது வெறுப்புப் பேச்சை அகற்றத் தவறியதற்கு முகநூல் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். வெறுப்பை நீக்குவதில் அவ்வளவு தாமதம். நினைவேந்தல் படங்களை நீக்குவதில் தாமதம் இல்லை: மாவீரர் நாள் பதிவுகளுக்காகத் தமிழ் கார்டியன் என்ற செய்தித் தளத்தின் இன்ஸ்ராகிராம் கணக்கு முடக்கப்பட்டதுண்டு.

இன்னொன்று, இது சின்ன விஷயமாகத் தோன்றும். இலங்கையில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டையின்மேல் பதியப்படுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை கையில் இருக்கும் சிம் பெரும்பாலும் தாயின் பெயரில் இருக்கும். கணவனை யுத்தத்தில் இழந்தோ, இன்னும் தேடிக்கொண்டோ இருக்கும் தாய்மார் வாழும் மாவட்டம் இது. பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்கு எதற்கோ போட்ட கருத்தின் பின்னால் இருக்கும் தொலைபேசி இலக்கம் போய் நிற்பது அவளுடைய அடையாள அட்டையில். அவளுக்கு ஃப்ரீ ஃபயர் என்றால் என்னவென்றே தெரியாது.

செய்யக்கூடியவை சில உண்டு. ஸ்மார்ட் ரிவியின் அமைப்புகளில் பார்ப்பதைக் கண்காணிக்கும் தெரிவை நிறுத்தலாம். விளையாட்டுக் கணக்கை முகநூலிலிருந்து பிரிக்கலாம், குரல் வசதியை மூடலாம். மற்றச் செயலிகளும் தளங்களும் உங்களைப் பற்றி முகநூலுக்கு அனுப்பியவற்றைப் பார்க்கவும் கணக்கிலிருந்து துண்டிக்கவும் 2020 முதல் முகநூலிலேயே ஒரு வழி இருக்கிறது. பழைய லைக்குகளையும் ஒவ்வொன்றாக எடுக்கலாம், பொறுமை இருந்தால். இவை இனிச் சேரப்போவதைக் குறைக்கும். வேறொருவர் எடுத்து வைத்திருக்கும் திரைப்பிடிப்பை இவற்றில் எதுவும் அழிக்காது.

ஒருவேளை கைது என்ற நிலை வந்தால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைதுசெய்தவர்கள் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுவின் சட்டம் சொல்கிறது. அறிவித்தார்களா என்று வீட்டாரும் கேட்கலாம். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. தாயின் போனிலும் அதைப் பதிந்து வைத்திருப்பது நல்லது.